டெர்வினுக்கு ஊர் சொல்ல மறந்த பேரம்

மில்வாக்கி கூடைப்பந்து அணியின் டெர்வின் கோல்ஸ், பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தரையிலிருந்து நாலடி எழும்பி அங்கேயே நின்றுவிட்டான். காரணம் லோர்னா பாவ்லிச். நகராட்சியின் பனி வாரும் லாரி ஓட்டும் லோர்னா, பதினேழு வருடமாக வானொலியின் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, எந்த வீரரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று யோசனை சொல்லிவந்தாள். எல்லா ஊர் ரசிகர்களும் இப்படிச் சொல்வதுண்டு. லோர்னா சொன்னால் நடந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் போனை வைத்த நிமிஷமே ஆட்கள் ஊர் மாறியிருப்பார்கள். அணி முதலாளிகள் பிறகு சாவகாசமாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

அன்று அவள் சொன்னது நாலு அணிகள், பதினோரு வீரர்கள் அடங்கிய பெரும் பேரம். பேரத்தில் சேரும் ஒவ்வொருவரும் ஏதாவது கொடுக்க வேண்டும், ஏதாவது வாங்க வேண்டும் என்பது விதி. எல்லாம் கச்சிதம். அணிகளின் சம்பளக் கணக்கு ஈடாக வரட்டும் என்று டெர்வினையும் சேர்த்தவள், அவன் எங்கே போகிறான் என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். ஒன்பது வருடத்தில் ஏழு முறை, காய்கறியோடு போடும் கறிவேப்பிலை மாதிரி பேரங்களில் சேர்க்கப்பட்டவன் அவன். எங்கே போய்ச் சேர்ந்தான் என்று யாரும் கேட்டதில்லை. மற்ற பத்துப் பேரும் புது ஊர்களில் இறங்கினார்கள். டெர்வின் எந்த ஊருக்கும் இல்லாமல் மிதந்தான்.

அவன் எங்கே மாறினாலும் மகளோடு மில்வாக்கியிலேயே இருந்துவிட்ட மனைவி ஷனீஸ், அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து வீட்டுக் கூடத்தில் விட்டாள். கூரை இடித்ததால் படுத்தபடியே மிதந்தான். ஐந்து வயது மகள் இமானி நாற்காலியில் ஏறி ஊட்டினாள். வியாழன் மதியம் இரண்டு மணிக்கு மேல் கோடைவரை அணிகள் ஆள் மாற்றக் கூடாது என்பது விதி. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் கோடைவரை இப்படியேதான்.

வியாழன் ஒன்றரைக்கு லோர்னா லாரியை அவர்கள் வாசலில் நிறுத்தினாள்.

“தப்பு என்மேலதான். சாக்ரமென்டோ டீம்ல சேத்துவிடட்டுமா?”

“மறுபடியுமா?” என்றாள் ஷனீஸ். “இவ அப்பாவ டீவில பாத்தே வளந்துட்டா மேடம்.”

“விடு ஷனீஸ்,” என்றான் டெர்வின் மேலிருந்து. “என்ன யாரும் கேட்டு வாங்குனதில்ல. பழகிப்போச்சு.”

“நாங்க வாங்கிக்கிறோம்,” என்றாள் இமானி.

லோர்னா போனைக் கையில் எடுத்தாள். இத்தனை வருடத்தில் எத்தனை பேரை ஊர் மாற்றியிருப்பாள். ஒருவனுக்கும் வீடு இருக்கும் என்று நினைத்ததே இல்லை. வானொலியில் அந்த விளையாட்டு நிகழ்ச்சியை நடத்தும் கஸ்ஸைக் கூப்பிட்டாள்.

“கஸ், பேரத்துல ஒரு வீட்டையும் சேக்கணும்.”

“வீடா? பனி தலைக்கேறிடுச்சா? சரி, அவங்க என்ன குடுப்பாங்க? சும்மா வாங்க முடியாதே.”

இமானி அலமாரியைத் திறந்து, அப்பா ஊர் மாறும்போது எடுத்துப்போக எப்போதும் தயாராக அடுக்கிவைத்திருந்த பெரிய பெட்டியை இழுத்துவந்தாள்.

“இத எடுத்துக்கச் சொல்லுங்க.”

ஒன்று ஐம்பத்தெட்டுக்குப் பெட்டி மறைந்தது. சாக்ரமென்டோ அணி அதை மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் கடைசியில் வைத்தது. ரசிகர்களுக்குப் பிடித்துப்போகவே, கோடையில் அதன் ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டித்தார்கள். பெட்டி மறைந்த அதே நிமிஷம், டெர்வின் மெல்ல இறங்கி வெறுங்காலோடு நின்றான். சொந்த வீட்டுத் தரை இவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. இமானி ஓடிப்போய்ச் செருப்பு எடுத்துவந்தாள்.