மெர்வின் அடுக்கிய நான்கு எழுத்துகள்

போவென் படகுத்துறையில் மெர்வின் ஹேசல்டன் போடும் சத்தம் மீன் வறுக்கும் கடைவரை கேட்கும் என்பார்கள். பழைய பாய்மரப் படகொன்றில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பவளப்பாறைகளைக் காட்டப் போய்வந்தவர் அவர். படகை விற்று ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓயவில்லை. மழைக்காலத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது வலது கையும் காலும் செயலற்றுப் போயிருந்தன. பேச்சும் போய்விட்டது. மற்றவர்கள் பேசுவது அவருக்கு நன்றாகவே புரிந்தது, பதில்தான் வரவில்லை.

மனைவி நோலீன் யாரையும் பக்கத்தில் விடவில்லை. மகள் டானியா பிரிஸ்பேனிலிருந்து வந்து தங்குவதாகச் சொன்னபோது, உனக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வாரத்தில் சில நாள் உதவிக்கு ஆள் அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதற்கும் அதே பதில். அவரைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புல் வெட்டுவது, கூரைத் தகடு காற்றில் கிளம்பினால் ஏணி போட்டு ஏறி ஆணி அடிப்பது எல்லாம் அவள்தான். அறுபத்தெட்டு வயது. அவருடைய எடையில் பாதிகூட இல்லாதவள்.

அடுத்த வீட்டு யூனிஸ் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், எழுத்துக்கட்டைகளை அடுக்கி ஆங்கில வார்த்தை சேர்க்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் பைத்தியம். அவள்தான் ஒருநாள் பழைய எழுத்துக்கட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மெர்வின் முன்னால் கொட்டினாள். வாய் பேசாவிட்டால் கை பேசட்டும் என்றாள். எழுத்தும் குழம்பித்தான் வரும், எதிர்பார்க்காதீர்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எச்சரித்திருந்தாள். அவள் சொன்னபடியே பல வாரம் ஒன்றும் உருப்படியாக வரவில்லை. மெர்வின் கட்டைகளை இடது கையால் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருப்பார்.

பிறகு ஒரு மதியம், அவராகவே நான்கு கட்டைகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். ஈ, எஃப், ஈ, ஆர். வைத்துவிட்டு நோலீனை நிமிர்ந்து பார்த்தார். அவள் கையில் பாத்திரத்தோடு நின்றிருந்தாள்.

யூனிஸுக்குக் கட்டைகளை இடம் மாற்றவே தேவைப்படவில்லை, பார்த்தவுடன் சொன்னாள், "ரீஃப்."

அந்தக் கரையில் ரீஃப் என்றால் ஒன்றுதான்: கடலுக்குள் நீண்டு கிடக்கும் பவளப்பாறை. மெர்வினின் பிழைப்பே அது. மனிதர் கடலுக்குப் போக ஆசைப்படுகிறார் என்று நோலீன் முடிவு கட்டினாள். மெர்வின் படகில் வெகுகாலம் வேலை பார்த்தவர் பிலிமோன், வடக்கே டாரஸ் நீரிணையில் உள்ள தீவுகளைச் சேர்ந்தவர். அவரிடம் இப்போது சொந்தமாக ஒரு மோட்டார் படகு இருந்தது. கேட்டவுடன் சரி என்றார். நோலீன் விடிவதற்கு முன்பே எழுந்து ரொட்டியும் இறைச்சியும் கட்டினாள், தொப்பி, போர்வை, மாற்றுத்துணி எல்லாம் மூட்டை கட்டினாள். சக்கர நாற்காலியைப் படகில் இறக்கப் பிலிமோனோடு சேர்ந்து அவளும் தோள் கொடுத்தாள்.

தண்ணீர் இறங்கியிருந்த நேரம். பாறை தெளிவாகத் தெரிந்தது. நீலமும் மஞ்சளுமாக மீன்கள் படகுக்கு அடியிலேயே திரிந்தன. மெர்வின் ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் நோலீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துத் தலையை ஆட்டினார், இல்லை, இல்லை என்று.

"கேப்டனுக்கு வேற ஏதோ வேணும் அக்கா," என்றார் பிலிமோன். என்ன என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாளே மெர்வின் அதே நான்கு கட்டைகளை மறுபடி எடுத்து வைத்தார். இந்த முறை வரிசை வேறு மாதிரிக் கலைந்திருந்தது. யூனிஸ் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் எதையோ விழுங்குவது நோலீனுக்குப் புரிந்தது.

"என்னன்னு சொல்லு."

"அதே எழுத்துல இன்னொரு வார்த்தையும் வரும் நோல். ஃப்ரீ."

விடுதலை. நோலீன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். யூனிஸ் பின்னாலேயே போய், சும்மா எழுத்தை வைத்துச் சொன்னேன், அதுதான் என்று நான் சொல்லவில்லை என்று மன்றாடினாள். நோலீன் காதில் ஏறவில்லை. கட்டிலிலும் நாற்காலியிலுமாக மனிதரைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன், குழந்தைக்குத் துடைப்பதுபோல வாய் துடைத்துவிடுகிறேன், அவருக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். அன்று சூப்பை ஊட்டினாள். முடித்து, கிண்ணத்தைக் கீழே வைத்த பிறகுதான் கேட்டாள்.

"என்னை விட்டு எங்கயாவது போய் இருக்கணுமா உனக்கு? முதியோர் இல்லத்துக்கு?"

நாற்காலியே குலுங்கும்படி மெர்வின் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவள் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்தாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "செத்துப் போயிடலாம்னு இருக்கா?" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, இல்லை என்று தலையசைத்தார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் எழுந்து போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அதற்குமேல் போக வழி தெரியவில்லை.

யூனிஸுக்குத் தூக்கம் போயிற்று. தன் வாயால்தானே வந்தது என்று தடிமனான அகராதியைப் புரட்டியிருக்கிறாள். காலையில் வேலிக்கு மேலாகக் கூப்பிட்டாள். அந்த எழுத்துகளில் மூன்றாவதாக ஒரு வார்த்தை உண்டு, ஃபியர் என்று ஒரு பழைய சொல், பயம் என்ற ஃபியர் இல்லை, இதற்குத் துணை, கூட்டாளி என்று பொருள் என்றாள்.

நோலீன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "துணையா? கல்யாணம் ஆன நாள்லருந்து 'ஏய் நோல்'னுதான் கூப்பிடுவாரு, யூனிஸ். இப்ப பேச்சு போனப்புறமா பழங்காலத்து இங்கிலீஷ்ல கொஞ்சப் போறாரு?"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அந்த வாரம் முழுக்கத் தென்கிழக்குக் காற்று ஓயாமல் அடித்தது. வெள்ளிக்கிழமை நோலீன் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் போடப் போனாள். மெர்வின் பின்கட்டு நிழலில் நாற்காலியில் இருந்தார். ஈர விரிப்பு ஒன்றை அவள் உதறியபோது காற்று அதற்குள் புகுந்து புடைத்து, அவளையும் சேர்த்து இழுத்தது. விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. நாலு அடி தடுமாறிப் போய், கண் இருண்டு, புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மெர்வின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் யூனிஸ் வீட்டு நாய் குரைத்தது.

மயக்கம் தெளிந்ததும் நோலீன் விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். ஒன்றுமில்லை, காலையில் சாப்பிடவில்லை, அதுதான் என்றாள். அவர் கேட்கவில்லை. விரிப்பின் ஒரு நுனியை இடது கையால் பிடுங்கி மடியில் போட்டார். அடி விளிம்பை மேலே மடித்தார். மறுபடி மடித்தார். மடிப்பைத் தொடையில் வைத்து அழுத்தி, விரலால் சுற்றிக் கட்டுவதுபோலச் செய்து காட்டினார். பிறகு அந்தக் கையை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தார்.

நோலீன் அந்தக் கையைக் குனிந்து பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவளும் அந்தப் படகில்தான் வேலை செய்தாள். சுக்கான் அவள் கையில் இருந்தால் காற்று எவ்வளவு ஏறினாலும் முழுப் பாயையும் விரித்தபடியே ஓட்டுவாள். இன்னும் தாங்கும், இன்னும் தாங்கும் என்பாள். பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டு, பரப்பைக் குறை, இல்லாவிட்டால் படகு கவிழும் என்று அவர் முன்பக்கத்திலிருந்து கத்துவார். அதைச் சொல்லப் படகுக்காரர்களுக்கு ஒரே வார்த்தைதான். ரீஃப்.

"எனக்கா?" என்றாள். "பாயைக் குறைக்கச் சொல்றியா? என்னையா?"

மெர்வின் மூச்சை விட்டார். பாதி முகத்தால் சிரித்தார். கையை அவள் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.

நோலீன் அங்கேயே, பின்கட்டுப் படியில், ஈர விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழுததில்லை.

அன்று மாலையே டானியாவுக்குப் போன் செய்தாள். வா என்ற ஒரு சொல்லை அம்மா வாயிலிருந்து கேட்க மகள் எத்தனை நாள் காத்திருந்தாளோ, பதிலுக்கு அவளும் அழுதாள். உதவி ஆளுக்கும் சொல்லியாயிற்று. விஷயத்தைக் கேட்ட யூனிஸ் மறுபடி அகராதியோடு வந்தாள். கடல்பாறைக்கும் பாய் மடிப்புக்கும் வேர் ஒன்றுதானாம். வட ஐரோப்பாவின் பழைய கடலோடிகள் விலா எலும்புக்குச் சொன்ன சொல்லாம். பாறைக்குள் ஓடும் தங்கத்தின் கொடியைச் சுரங்கக்காரர்கள் ரீஃப் என்பதுகூட அதிலிருந்து வந்ததுதானாம்.

"எல்லாம் ஒரே விலா எலும்பு நோல்."

"எனக்கும் அங்கதான் வலிக்குது," என்றாள் நோலீன். "உங்க கேப்டனைத் தூக்கித் தூக்கி."

சனிக்கிழமை மதியங்களைப் பிலிமோன் எடுத்துக்கொண்டார். மெர்வினுக்குச் சவரம் செய்துவிட்டு, இருவருமாக டிவியில் கால்பந்து பார்ப்பார்கள். முதல் சனிக்கிழமை நோலீனுக்கு வீட்டை விட்டுக் கிளம்பவே மனம் வரவில்லை. மாத்திரை எங்கே இருக்கிறது, புரையேறாமலிருக்கத் தண்ணீரில் பொடி கலந்து எப்படிக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும் என்று மறுபடி மறுபடி சொன்னாள். பிலிமோன் கார்ச் சாவியை எடுத்து அவள் கையில் திணித்தார்.

யூனிஸோடு ஸ்கிராபிள் ஆடுவதாகத்தான் ஏற்பாடு. வழியில் கடற்கரையில் காரை நிறுத்தி, அலையைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்கையைச் சாய்த்தாள். கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது, கன்னத்தில் இருக்கையின் தடம் பதிந்திருந்தது. போனில் யூனிஸிடமிருந்து கோபமாக ஒரு செய்தி, அக்கறையாக ஒரு செய்தி.

அவள் பதறிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பதறும்படி ஒன்றும் நடந்திருக்கவில்லை. டிவி தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்களும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். மெர்வினின் முகம் வழவழவென்று சவரம் செய்யப்பட்டு, மோவாயில் ஒரு சின்ன வெட்டோடு இருந்தது. நோலீன் டிவி சத்தத்தைக் குறைத்தாள். அவருடைய தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினாள். பிறகு, பாத்திரம் கழுவப் போகாமல், தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.