காய வேண்டிய பக்கம்

"தண்ணி மிச்சம் பண்ற கொடின்னு சொன்னே. அது குடிகாரன் மாதிரி குடிச்சிக்கினு கீது" என்றார் மேனேஜர் தணிகாசலம். "நாளைக்கு டைரக்டர் வர்றாரு. தேறலைன்னா கொட்டகை குடோன் ஆயிடும். நீயும் வேற வேலை பாத்துக்கோ."

தேர்வாய் கண்டிகையில், உரக் கம்பெனியின் பின்புறம் இருந்த அந்த ஆராய்ச்சிக் கொட்டகைதான் நர்மதாவுக்குப் பிழைப்பு. ஒவ்வொரு திராட்சைக் கொடியின் வேரையும் இரண்டாகப் பிரித்து இரு தொட்டிகளில் இறக்கியிருந்தாள். வலது தொட்டிக்குத் தண்ணீர் உண்டு. இடது தொட்டி காய வேண்டும். காய்ந்த வேர் ஒரு ஹார்மோனை இலைக்கு அனுப்பும். நீர் ஆவியாகாமல் இலை தன் நுண்துளைகளை இறுக்கிக்கொள்ளும். பாதித் தண்ணீரிலேயே கொடி காய்க்கும். ஆனால் சோதனையில் ஹார்மோன் ஏறவே இல்லை.

மேனேஜர் போனதும் இடது தொட்டி மண்ணில் விரலை நுழைத்தாள். சில்லென்றது. விரலோடு ஒரு சோற்றுப் பருக்கையும் வந்தது.

"விக்டோரியாக்கா!"

பெருக்கிக்கொண்டிருந்த விக்டோரியா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"இதுல தண்ணி ஊத்தினீங்களா?"

"ஏசப்பா சத்தியமா பைப்பத் தொடல மேடம். டிபன் பாக்ஸ் கழுவின தண்ணிதான். அத்தப் போயி சிமெண்ட்டுல கொட்டுவாங்களா? எங்க ஊட்டுக்கு லாரித் தண்ணி."

"அதுக்கு இந்தத் தொட்டிதான் கிடைச்சுதா?"

"அந்தப் பக்கம் ஈரமாத்தானே கீது. இது பாவம், காஞ்சி கெடந்துச்சு. லோடு ஏத்துற ஆளுங்களும் இங்கதான் கை கழுவுவாங்க."

"என் வேலையே போச்சுக்கா!"

விக்டோரியா தயங்கினாள். "நீங்களும்தானே மேடம்? போன் பேசிக்கினே டப்பாவ அலசி இதுலதான ஊத்தினீங்க. மேடமே ஊத்துறாங்கன்னுதான் நாங்களும்..."

நர்மதாவுக்கு நினைவில்லை. ஆனால் திருநின்றவூர் வீட்டில், துளசித் தொட்டியில் தினமும் அதைத்தான் செய்கிறாள்.

மறுநாள் டைரக்டர் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "யாரு ஊத்தினது?"

தணிகாசலத்தின் பார்வை விக்டோரியாவின் துடைப்பத்தின் மேல் போனது.

"நான்தான் சார்" என்றாள் நர்மதா. "இன்னொரு முறை விட்டா..."

"தேவையில்லை."

மதியத்துக்குள் கொடிகளைப் பிடுங்கி வாசலில் குவித்தார்கள். வேர்கள் இன்னும் ஈரமாக இருந்தன. நர்மதா பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

விக்டோரியா சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸை அலசினாள். தண்ணீரை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல், காலியான கொட்டகையில் அப்படியே நின்றாள்.