மாதிரிக் கழிப்பறை

"கழிப்பறை கட்டுங்கள், கௌரவமாக வாழுங்கள்!" என்று பிரசார வண்டியின் மைக்கில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த மாதிரிக் கழிப்பறையைக் கட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். "பெயின்ட் அடிச்சாச்சு, படம் வரைஞ்சாச்சு. குழிய அடுத்த வாரம் தோண்டிக்கலாம் மாப்ள. எவன் உள்ள போகப் போறான்?" என்று காலையில்தான் சிரித்திருந்தார்.

திறந்துவைக்க வந்த அதிகாரி அம்மா ரிப்பன் வெட்டினார். "ஒரு வாளி தண்ணி வைங்க, போயிட்டு வந்துடுறேன்" என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

நான் மைக்கைக் கீழே இறக்கினேன். மாமா முகத்தில் ஈயாடவில்லை.

"பேசுடா, நிறுத்தாம பேசு!" என்று பல்லைக் கடித்தார்.

பேசினேன். வெட்கங்கெட்ட வாய். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. மெல்ல வளைந்து வந்து, முன்னால் நின்ற பெண்களின் காலை நனைத்தது.

ஒருத்தி குனிந்து பார்த்தாள். விறுவிறுவென்று வந்து மைக்கைப் பிடுங்கினாள். தாழ்ப்பாள் திறந்தது.

"மேடம், அடுத்த தடவை எங்களோட புதருக்கே வந்துடுங்க" என்றாள், தெருவெல்லாம் கேட்க. "அங்க தண்ணி மண்ணுக்குள்ளயாவது போகும்."