பேணியில் ஒரு பிடி சீனி

...ஒரு பிடிதான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அளவு, தகரப் பிஸ்கட் பேணியின் அடியில் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது, நேற்றே கொட்டிவிட்டிருக்கலாம், ஆனால் ஐறீன் மூடியைத் திரும்ப மூடி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள், காலையில் எழுந்தபோதும் அது அங்கேதான் இருந்தது, இப்போது குசினி மேசையில் வறுத்த ரவையை ஆறவிட்டு வெண்ணெயை அடித்துக்கொண்டிருக்கும்போதும் முதுகுக்குப் பின்னால் அது இருப்பது தெரிகிறது, யாரோ வந்து கதவைத் தட்டாமல் நிற்பதுபோல. வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பமாட்டார்கள், இங்கே கொட்டாஞ்சேனையிலும் சரி, அங்கே வெள்ளவத்தையிலும் சரி, பலகாரம் வந்த பாத்திரத்தைக் கழுவித் துடைத்து இரண்டு வாழைப்பழமோ ஒரு பிடி சீனியோ போட்டுத்தான் கொடுப்பார்கள், ஆகவே அது வழக்கம், வழக்கத்துக்கு மேலே அதில் ஒன்றும் இல்லை... இல்லைத்தானே? போன கிறிஸ்மஸ் கேக்கோடு ராசனுடைய வெள்ளவத்தை வீட்டுக்குப் போன பேணி, நேற்றுப் பின்னேரம் சுடலைமுத்து கொண்டுவந்து கொடுத்தான், ராசனுடைய கந்தோரில் பியோன், இங்கே இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் குடியிருக்கிறான், “ராசா ஐயா வூட்ல இருந்து குடுத்துவுட்டாங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம், வீட்டில் யார் கொடுத்தது என்று மம்மி கேட்கவில்லை. ஐறீனின் அம்மா மேபல் அப்படித்தான், அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றும் இருப்பதில்லை, எல்லாம் முதலே தெரியும். “புது மருமகள் அலுமாரி துடைச்சிருப்பாள். பழைய சாமான் வெளியில போகுது. எங்கட பேணி எங்களுக்கு வந்திட்டுது, அவ்வளவுதான் மகள்.”

புது மருமகள். ஆவணியில் கோப்பாயில் நடந்த கலியாணம், ஸ்ரீஸ்கந்தராசா என்ற முழுப்பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்த அழைப்புக் காட்டை எங்கிருந்தோ வாங்கி, அவளுடைய கந்தோர்ப் பெண்கள் அவளிடமிருந்து ஒளித்து ஒளித்துக் கடைசியில் அவளுடைய தட்டச்சு மேசையிலேயே மறந்து வைத்துவிட்டார்கள், அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தபோது அது வேறு யாரோ என்றுதான் தோன்றியது, அவளுக்குத் தெரிந்தவன் ராசன். ஆனி மாதம் வெள்ளவத்தை ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு ராசன் சொன்னான், “அம்மா தாங்கமாட்டா ஐறீன். வேதக்காரப் பொம்பிளை எண்டால் அவ செத்துப்போவா.” அம்மா அப்படிச் சொன்னாவா, அவவே வாயால் சொன்னாவா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்பதற்குள் கோட்டைக்குப் போகிற ரயில் வந்துவிட்டது, அவள் ஏறிவிட்டாள், அவன் கையைக்கூட அசைக்கவில்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்து படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் மனம் உடைந்த பெண்கள் ஜன்னலோரம் நின்று பனி விழுவதைப் பார்ப்பார்கள், இந்தக் குசினி ஜன்னலில் அடுத்த வீட்டுக் கொடியும் அதில் காயாத சாரமும்தான், மார்கழி மழைக்கு எதுவும் காய்வதில்லை, அழுவதற்கும் ஒரு தோது வேண்டியிருக்கிறது போல.

பெரிய சட்டியில் மம்மியின் கேக், முப்பது முட்டை, பிராந்தியில் ஊறிய முந்திரிகை வற்றல், கஜுப் பருப்பு, சீனிப் பாகில் ஊறிய பூசணித் தோசி, அதை மம்மியே கலந்து தட்டுகளில் ஊற்றிவிட்டாள். இந்த வருஷம் அது மட்டும்தான், வெள்ளவத்தைக்கு ஒன்றும் இல்லை என்று போன கிழமையே இரண்டு பேரும் பேசி முடித்த விஷயம். பிறகு எப்போது இந்தச் சின்னச் சட்டியை எடுத்தாள், எப்போது ரவையில் பாதியை இதில் கொட்டினாள், தயிர்ச் சட்டியை வாங்கியபோதே நினைத்துத்தான் வாங்கினாளா... மம்மி எட்டிப் பார்த்தாள்.

“அது என்ன?”

“ரவை மிஞ்சிப்போச்சு.”

“மிஞ்சின ரவைக்குத் தயிர் ஏன்?” ஐறீன் தயிரைக் கரண்டியால் அடித்தாள். “அனுப்பிப் பார். பின்னால அலையிறாள் எண்டு அந்த வீட்டில சொல்லுவினம். எனக்கு ஒண்டுமில்லை, உனக்குத்தான் வெக்கம்.”

வெட்கம்தான், அனுப்பினால் வெட்கம், அனுப்பாவிட்டால்... அனுப்பாவிட்டால் அந்த வாசல் அவ்வளவுதான், பேணி வந்தாயிற்று, கணக்குத் தீர்ந்தாயிற்று, இனி அந்தப் படிகளில் ஏற எந்தச் சாட்டும் இல்லை. ராசனோடு பழகின முதல் வருஷம் பேக்கரி வாசலில் பாணுக்கே விடியற்காலையில் வரிசை நின்ற காலம், சீனி கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம், முட்டை தொடாத சைவ வீட்டுக்கு நத்தாருக்கு என்ன கொண்டுபோவது என்று யோசித்து யோசித்து, தேயிலைச் சாயத்தில் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து, தயிரும் அப்பச்சோடாவும் சேர்த்து, பிராந்திக்குப் பதில் பன்னீர் தெளித்து, இரண்டு முறை கல்லாகிப் போய் மூன்றாம் முறை எழும்பிய கேக். நேசமலர், ராசனின் அம்மா, ஒரு துண்டை நுனிவிரலால் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா, “நல்லாயிருக்குப் பிள்ளை. சீனிதான் ஒரு பிடி கூடிப்போச்சு. அடுத்தமுறை குறைச்சுப் போடும்.” நாடே சீனிக்கு அலைந்த வருஷத்தில் அப்படிச் சொல்ல அவ ஒராளால்தான் முடியும், ராசன் விழுந்து விழுந்து சிரித்தான், “அம்மா சொல்லுறதைக் கேளாதையும், இனிப்பில்லாட்டி அது பாண்,” என்றான், ஐறீன் அவன் சொன்னதைத்தான் கேட்டாள், நான்கு நத்தாரும் அவனுக்காகத்தான் போட்டாள், நான்கு நத்தாரும் அந்த மனுஷி ஒரு பிடி கூட, ஒரு பிடி கூட என்று சொல்லிச் சொல்லியே இரண்டாம் துண்டுக்குக் கையை நீட்டினா, முழங்கால் நோவோடு வாசல்வரை வந்து, மழைக்குக் குடை கொண்டுவந்தீரோ பிள்ளை, என்று கேட்டா. இப்படிக் கேட்டவவா செத்துப்போவா? சீனியை அளந்து கொட்டினாள், கை ஒருமுறை சீனிப் போத்தலுக்குப் போய் வந்தது, ஏலக்காய், பன்னீர், கஜு, வெள்ளைத்தாள் விரித்த சின்னத் தட்டில் ஊற்றிக் கரண்டியையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக் கேக்குகளைப் போட பேக்கரிப் போறணை அடுப்பைப் பாண் சுட்டு முடிந்த பிறகு மூன்று மணிக்கு விடுவார்கள், நத்தாருக்கு முந்திய கிழமை முழுவதும் ஒழுங்கைப் பெண்கள் தட்டுகளைத் துணியால் மூடிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் பெயர் எழுதின கடதாசித் துண்டு. மம்மி முன்னாலேயே நடந்து வரிசையின் முன்பக்கத்தில் யாருடனோ கதைக்கப் போய்விட்டாள். போறணையடியில் ஷிப்லி, நெற்றியில் துவாயைக் கட்டிக்கொண்டு, நீண்ட பலகைத் துடுப்பால் ஒவ்வொரு தட்டாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

“வாங்க தங்கச்சி. வெள்ளவத்தத் தட்டும் ஈக்கா? முட்ட இல்லாததக் கடசியாத் தள்ளுவோம், சூடு கொஞ்சம் எறங்கட்டும்.” துடுப்பைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார். “அந்த வீட்டு உம்மா சொகமா ஈக்காவா?”

எல்லாருக்கும் தெரியும், ஒழுங்கை முழுக்கத் தெரியும், இவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. “தெரியாது நானா,” என்றாள், சொன்ன பிறகுதான் அது உண்மையென்று பட்டது, தெரியாது, ஆறு மாதமாகத் தெரியாது, முழங்கால் நோ எப்படி, மழைக்குக் கூடியிருக்குமே, யார் எண்ணெய் பூசிவிடுகிறார்கள்... ஆறு மாதமாக அழுத அழுகையில் ராசனுடைய முகம் ஸ்டேஷன் வாங்கைத் தாண்டி வந்ததேயில்லை, அவனுடைய குரல்கூட இப்போது நினைத்தால் சரியாக வருவதில்லை, வருவதெல்லாம் ஒரு பிடி கூடிப்போச்சுப் பிள்ளை, அது மட்டும், அப்படியே, பக்கத்தில் நின்று சொல்வதுபோல. கையிலிருந்த கரண்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த மாவை நக்கிப் பார்த்தாள். இனிப்புக் குறைவு. நான்கு வருஷமாகப் பழகின கை, கண்ணை மூடிக்கொண்டும் அளக்கிற கை, இன்றைக்கு ஒரு பிடி குறைத்துப் போட்டிருக்கிறது, அவளைக் கேட்காமல். அப்படியானால் பேணியில் கிடந்த அந்தப் பிடி... மருமகளுக்கு என்ன தெரியும், மருமகளானால் வழக்கத்துக்குப் போட்டிருப்பாள், ஆனால் அவவானால்? அவவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ச் சீனிக்குள் கையை விட்டிருந்தால்?

“பேர எழுதுங்க தங்கச்சி, இல்லாட்டி மாறிப்பெய்த்திடும்.” ஷிப்லி கடதாசித் துண்டையும் பென்சிலையும் நீட்டினார். முதல் வருஷம் ராசன் என்று எழுதினாள், அதுவே பழகிப்போய் நான்கு வருஷமும் ராசன். போறணையின் சூடு முகத்தில் அடித்தது, பின்னால் நிற்கிறவள் செருமினாள். பென்சில் முனை கடதாசியில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அங்கேயே நின்றது. மாமி என்று கூப்பிட இன்னும் உரிமை வரவில்லை என்று இருந்துவிட்டாள், அன்ரி என்றால் அந்த வீட்டுக்குப் பொருந்தாது, பெயர் சொல்கிற வயதில்லை... நான்கு நத்தார், ஒருமுறைகூட, அவவை எதுவென்றும் கூப்பிட்டதேயில்லை.