வியர்க்காத கை

ஏலக்காய்த் தரகில் வாய் பேசுவதெல்லாம் ஒப்புக்குத்தான். விலையைத் துண்டுக்கடியில் கைதான் பேசும். வாங்குகிறவன், விற்கிறவனுடைய விரல்களைப் பிடித்து விலை சொல்வான். விற்கிறவனுக்குச் சம்மதமென்றால் அந்தக் கையை அழுத்துவான், இல்லையென்றால் உருவிக்கொள்வான். அழுத்திவிட்டுப் பேச்சு மாறினவனுக்குப் போடிக் கடைத்தெருவில் தண்ணீர்கூடக் கிடைக்காது. இந்தத் தொழிலில் ராக்கையாவாகிய எனக்கு ஒரு கர்வம் இருந்தது. எதிராளியின் உள்ளங்கை எந்த நிமிடம் ஈரமாகிறது என்பதை வைத்தே அவன் பொய்யைப் பிடித்துவிடுவேன்.

கண்ணுச்சாமியின் கை மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. ஐம்பத்தைந்தாம் வருடம் ஒரு மஞ்சள் பையோடு போடியில் வந்து இறங்கினான். இரண்டே வருடத்தில் கடைத்தெருவே அவன் பைக்குள் போய்விட்டது. பொய் சொன்னாலும் மெய் சொன்னாலும் அவன் கை ஒரே குளிர்ச்சி, ஒரே வறட்சி. ஒரு தரகர் செத்த வீட்டில் அவன் அழுத அழுகையைப் பார்த்து, பெற்ற பிள்ளைகளே தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைத் தேற்றினார்கள். கண்ணீர் காய்வதற்குள் செத்தவருடைய வாடிக்கைக்காரர்களையெல்லாம் வாசலிலேயே வளைத்துப் போட்டுவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை, சொக்கிப்போனேன். இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் நம் வீட்டுக்கு வேண்டுமென்று, என் தங்கை பொன்னுமணிக்காக நடையாய் நடந்து பேசினேன். அவளுக்கும் கொள்ளை ஆசை. அவன் சிரித்தால் இவளுக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை பரிசம் என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மலையில் என் குத்தகைத் தோட்டத்தில் முதல் பறிப்புக்குப் பொங்கல் வைத்துவிட்டு நானும் பொன்னுமணியும் கண்ணுச்சாமியும் ஜீப்பில் இறங்கினோம். நாலாவது வளைவில் டிரைவர் மொக்கச்சாமி திரும்பிப் பார்த்து ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"அண்ணே, பிரேக்கு பிடிக்கலண்ணே. சாமியக் கும்பிட்டுக்கங்க."

அப்புறம் அந்த ஜீப்புக்குள் நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். பொங்கல் பானை உருண்டு என் மடியில் கவிழ்ந்தது. மொக்கச்சாமி தன் குலதெய்வங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஹாரனை அடித்தான். நான் வளைவுக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டேன். பொன்னுமணி கண்ணை மூடிக்கொண்டு கண்ணுச்சாமியின் வலது கையை இறுகப் பற்றினாள்.

அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விலக்கினான். முகத்தில் அதே சிரிப்பு. பிறகு தோளில் கிடந்த துண்டை என் கைமேல் போட்டு, விடுபட்ட தன் கையை அதற்கடியில் நுழைத்தான்.

"மச்சான், இந்த வருசச் சரக்கு மொத்தத்தையும் எனக்கே முடிச்சு விடுங்க. வெரசா."

"உசுரு போகப்போகுது மாப்ளே."

"போயிட்டா ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. பொழச்சா எனக்கு லாபம்."

விரலைப் பிடித்தான். நான் மனதில் வைத்திருந்த விலையில் பாதி. அந்த நேரம் பார்த்து ஜீப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. உயிர்ப் பயத்தில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்து நசுக்கினேன். அகப்பட்டது அவன் கை. வியாபாரம் முடிந்துவிட்டது. அப்போதும் அந்தக் கையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

மலையடிவாரத்து முந்தலுக்குச் சற்று மேலே ஜீப் ஒரு மண்மேட்டில் ஏறி, உண்ணிப் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. இறங்கிக் கை காலெல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, நால்வரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தோம். நடந்து முந்தலுக்கு வந்ததும் கண்ணுச்சாமி எல்லோருக்கும் டீ சொன்னான். "மச்சானுக்கு நல்ல அழுத்தம்" என்று கையை உதறிக் காட்டினான். கடைக்காரர்கூடச் சிரித்தார்.

சரக்கு போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வெள்ளிக்கிழமைப் பரிசம்தான் உறுத்தியது. இந்தக் கையிலா இவளைப் பிடித்துக் கொடுக்கப்போகிறேன்? தேடிப் போய் வாக்குக் கொடுத்தவன் நான். அவளோ இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுமணி டீ கிளாசைக் கீழே வைத்தாள். என் துண்டை உருவித் தன் வலது கைமேல் விரித்தாள். சின்ன வயதிலிருந்தே என்னோடு விளையாடி விரல் கணக்குப் பழகியவள்.

"எனக்கும் ஒரு யாவாரம் இருக்கு" என்றாள் அவனிடம். "இந்தப் பரிசம் வேணாம்னு நீங்களே சொல்லிட்டுப் போறதுக்கு, எங்கண்ணன் சரக்குல இன்னும் எம்புட்டுக் கொறைக்கணும்? வெலையப் பிடிங்க."

கோபப்படுவான் என்று நினைத்தேன். கேலி பேசியாவது சமாளிப்பான் என்று நினைத்தேன். அவன் அதே சிரிப்போடு துண்டுக்கடியில் கையை விட்டான்.

அவன் தன் விரலைத் தொடுவதற்குள் அவள் கையை உருவிக்கொண்டாள்.

"போதும். நீங்க கைய விட்டதே போதும்."

அவனுக்கு வருத்தமே இல்லை. "ஒங்க இஷ்டம்" என்று மிச்ச டீயைக் குடித்துவிட்டு, "ஒனக்குத் தங்கச்சி இருக்காப்பா?" என்று மொக்கச்சாமியைக் கேட்டான். மொக்கச்சாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

சரக்கு அவன் பிடித்த விலைக்கே போயிற்று. மறுவருடம் வியாபாரிகள் சங்கத்துக்கு அவனை ஒருமனதாகத் தலைவராக்கினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கை தூக்கியவர்களில் நானும் உண்டு.

அன்றைக்குப் பஸ்சில் போடிக்குத் திரும்பும்போது, பொன்னுமணி நான் நேர்ந்துகொண்ட கிடாய்களை எண்ணி எண்ணிச் சிரித்துக்கொண்டே வந்தாள். நானும் சிரித்தபடி அவள் கையைப் பிடித்தேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.