ஆரினுக்குச் சொல்லாத எண்ணிக்கை

தானியக் கிடங்குத் தூசி படிந்த தொப்பியோடு ஆரின் ருஷ்கா காப்பிக்கடைக்குள் நுழைந்தான். மூலை மேசைக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"வாடா அவசரக்குடுக்கை! கதவைத் திறந்துட்டுத்தானே உள்ள வந்தே?"

பன்னிரண்டு வருஷமாக இதே கேலி. அவனும் சிரிப்பான். நான்தான் தட்டிலிருந்த முட்டையை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஊர்ப் பள்ளி அணிக்கு நான்தான் கோச்; பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். பந்து எறிகிறவன் 'ஹட்' என்று கத்தினதும் பந்தை எடுப்பார்கள்; எடுப்பதற்கு முன் ஒருவன் மட்டும் குறுக்கே ஓடலாம், முன்னால் திரும்பக்கூடாது. எங்களுக்கு அது ஆரின். அவன் பின்னாலேயே எதிராளி ஒருவன் ஓடிவந்தால் ஆளுக்கு ஆள் காவல், வராவிட்டால் ஆளாளுக்கு ஓர் இடத்தைக் காக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவனை ஓடவிட்டேன். தூண்டில் புழு மாதிரி. ஒருநாளும் பந்து அவனிடம் போனதில்லை.

அரையிறுதியில் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம், நேரமும் முடியப்போகிறது. ஆரினை யாரும் சட்டையே செய்யவில்லை. "இந்தத் தடவை அவனுக்குப் போடு" என்று எறிகிறவனிடம் சொன்னேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். எதிராளியை ஏமாற்ற, முதல் 'ஹட்'டுக்குப் பதில் இரண்டாவது 'ஹட்'டுக்குப் பந்தை எடுக்கச் சொன்னேன். பத்துப் பேரிடம் சொன்னேன். ஆரின் பெஞ்சில் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். மறந்தே போனேன், பாவி.

பழகினபடி முதல் 'ஹட்'டுக்கே, பந்தை எடுக்குமுன், முன்னால் திரும்பிவிட்டான். பந்தைப் பிடித்துக் கடைசிக் கோட்டையும் தாண்டினான். திரும்பிப் பார்த்தால் தரையில், தப்பாட்டம் என்று நடுவர் எறிந்த மஞ்சள் கொடி. புள்ளி செல்லாது. ஐந்து கெஜம் பின்னால் போய் மறுபடி ஆடினோம், தோற்றோம்.

பத்திரிகைக்காரன் காரணம் கேட்டான். "பையன் அவசரப்பட்டுட்டான்" என்றேன். இதே வாயால்தான் சொன்னேன்.

ஆரின் காப்பியோடு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"கோச், அடுத்த வாரம் அரிசோனாவுக்கே குடிபோறீங்களாமே. அதுக்கு முன்னாடி சொல்லிடணும். அன்னிக்கு நீங்க சொன்ன எண்ணிக்கைய நான் காதுல வாங்கல. நம்பிக் குடுத்தீங்க, கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

மூலை மேசைக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். இப்போது சொல்லிவிடலாம். எல்லோரும் கேட்கிறார்கள்.

"விட்றா, பழைய கதை" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வண்டி இல்லை. ஆனாலும் ஆரின் ஓரத்திலேயே நின்றான். உதடு இரண்டு தடவை அசைந்தது. அப்புறம்தான் காலை எடுத்து வைத்தான்.