ஒரே நாளில் இரண்டு ஊசி

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மூன்றாவது முறையாகப் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டு வட்டக்கச்சியில் வந்து இறங்கிய விமலேஸ்வரிக்கு, ஊசி குத்திய நோவைவிட மருத்துவிச்சி பத்மாசனி கேட்ட கேள்விதான் அதிகம் நொந்தது. வாய்க்கால் கட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்.

"மனுசன் ஊசி போட்டவரோ?"

"இல்லை மிஸி."

"அப்ப நீ மட்டும் போட்டு என்ன பிரயோசனம், பிள்ளை? ஓட்டை வாளியால தண்ணி அள்ளுற வேலையெல்லோ இது."

விமலேஸ்வரிக்கு இது தெரியாததல்ல. தெரிந்துதான் ஆறு மாதமாகப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கணவன் தவராசா நெல் லொறி ஓட்டுபவன். திங்கட்கிழமை மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனால் வெள்ளிக்கிழமைதான் வீடு வருவான். சித்திரை மாதத்தில் அவளுக்குச் சலம் போகும்போது எரிவு தொடங்கியது. வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். எரிவு அடங்கவில்லை. அடிவயிறு வலித்தது; சீலையில் மஞ்சளாகப் பட்டது. பத்மாசனிதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த டொக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார். இது மேகவெட்டை. புருசன் பெண்சாதி சேரும்போதுதான் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். இரண்டு பேரும் ஒரே நாளில் ஊசி போடவேண்டும். சுகம் என்று தெரியும்வரை ஒன்றாகப் படுக்கக்கூடாது.

இதை அவள் நடுங்கிக்கொண்டு வந்து சொன்னபோது தவராசா கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சிரித்தான். லொறி எஞ்சின் தன்னுடைய சீற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இருநூறு மைல் நெருப்போடு குந்தியிருக்கிறவனுக்குச் சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்றான். தனக்கும் தை மாதத்தில் கொஞ்சம் எரிந்ததாம். ஒரு பரியாரியார் கொடுத்த நன்னாரிக் குடிநீரில் எல்லாம் போய்விட்டதாம். அவளுக்குத்தான் ஊசி போட்டாகிவிட்டதே, பிறகென்ன என்றான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகினான். அவளுக்கும் பாழாய்ப்போன மனம் இளகிவிட்டது. மூன்று கிழமையில் எரிவு திரும்பி வந்தது.

இரண்டாம் முறை ஊசி போட்ட பிறகு அவள் மகளை நடுவில் போட்டுக்கொண்டு படுத்தாள். ஒன்பது நாள் பொறுத்தவன் பத்தாம் நாள் தானும் கிளிநொச்சிக்குப் போய் ஊசி போட்டுவிட்டதாகச் சொன்னான். அவள் நம்பினாள். இப்போது மூன்றாம் முறையும் அதே மேகவெட்டை வருத்தம் வந்த பிறகு, உண்மையாகவே போட்டீர்களா என்று கேட்டதற்கு, போட்டது இன்னும் நோகுது என்று இடது கையைத் தடவிக் காட்டினான். மூன்று தரமும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்து இடுப்புக்குக் கீழே ஊசி வாங்கியவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மெல்ல மெல்லக் காரணம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் சிற்றம்பலம் அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவனுக்குத் தெரிந்தால் அடுத்த நாள் வட்டக்கச்சிக் குடியேற்றத் திட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். வெட்கம். அதே சிற்றம்பலத்துக்கு முன்னால் மூன்று முறை மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டு நின்ற அவளுக்கு மட்டும் வெட்கம் இல்லையாக்கும்.

அடுத்த திங்கட்கிழமை காலை லொறிக் கிளீனர் ஏரம்பு கடைசி மூட்டையையும் ஏற்றிவிட்டுக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். விமலேஸ்வரி மகளை மச்சாள் நாகேஸ்வரியிடம் விட்டாள். கோயிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்துக்கொண்டு வந்து லொறியின் முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போறாய்?" என்றான் தவராசா.

"வவுனியாவுக்கு."

"அங்க ஆர் செத்தது?"

"இன்னும் ஒருத்தரும் சாகேல்லை. கிளிநொச்சியில வெக்கமெண்டால் வவுனியாவில உங்களை ஆருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில லொறியை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டிக் கொழும்பு மட்டுக்கும் வருவன். வழியில எங்கெங்க உங்களைத் தெரியுமெண்டு நானும் பாக்கிறன்."

மூட்டைக்கு மேலிருந்து ஏரம்பு இருமினான். தவராசா லொறியை எடுத்தான்.

மாங்குளம் தாண்டியதும் அவன் எஞ்சின் மூடியைத் தொட்டுக் காட்டி, சூட்டைப் பார் என்றான். அவள் தொட்டுப் பார்த்தாள். நல்ல சூடுதான்.

"எனக்கு வருத்தம் தந்தது எஞ்சின் இல்லை," என்றாள்.

வவுனியாவில் இருந்த டொக்டர் நடுத்தர வயதுக்காரர், பொறுமைசாலி. தவராசாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சோதித்தார். கண்ணாடித் துண்டில் தடவியதைப் பெருக்கிக் காட்டும் குழாயில் வைத்துப் பார்த்தார். வெளியில் அடங்கினாலும் வருத்தம் உள்ளே இருக்கிறது, குடிநீர் அதை மறைத்ததே தவிர மாற்றவில்லை என்றார். இப்படியே விட்டால் பெண்சாதியின் கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளை தங்காமல் போகலாம். பிறக்கிற பிள்ளைக்குக் கண் கெட்டுப்போகலாம். தவராசா மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "ஐயா, எஞ்சின் சூட்டாலயும் கொஞ்சம்..." என்று தொடங்கினான். டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அன்றைக்கே இருவருக்கும் ஊசி போட்டார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு திரும்ப வந்து சோதிக்கவேண்டும், அதுவரை சேரக்கூடாது என்றார் டொக்டர். மேசை இலாச்சியிலிருந்து ஒரு பொட்டலம் றப்பர் உறை எடுத்துக் கொடுத்தார். வெளியே போய்வருகிற மனிதன் இது இல்லாமல் யாரிடமும் போகக்கூடாது. ஒவ்வொரு முறையும் புதிது. எண்ணெய் பட்டால் றப்பர் கிழிந்துவிடும். அவர் சொன்னதையெல்லாம் விமலேஸ்வரி மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பொட்டலத்தைத் தவராசா சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த கிழமை சோதித்தபோது இருவரிடமும் ஒன்றுமில்லை. அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

கார்த்திகை மழையில் ஒருநாள் அவனுடைய காக்கிச் சட்டையைத் தோய்க்க எடுத்தாள். பையில் ஏதோ தட்டுப்பட்டது. றப்பர் உறை, உள்ளே ஒரு நெருப்புப்பெட்டி, வாய் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. கிணற்றடிக் கல்லிலேயே இருந்துவிட்டாள். கேட்டபோது, எவ்வளவு மழைக்கும் நனையாது, மற்ற ட்ரைவர்மாரும் ஆசைப்பட்டு ஆளுக்கொன்று வாங்கிப்போனார்கள் என்று பெருமையாகச் சொன்னான். பொட்டலத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.

பத்மாசனி இதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, உங்களோடு எனக்குத் தலை நரைத்துப்போகும் என்று ஏசிவிட்டு, இன்னொரு பொட்டலம் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். விமலேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை அவன் வந்து முகம் கழுவி இருந்ததும் முன்னால் போய் நின்றாள்.

"நெருப்புப்பெட்டி நனைஞ்சால் கடையில இன்னொண்டு வாங்கலாம். என்ர வயிறு பழுதாப்போனால் எந்தக் கடையில வாங்குவியள்? இனி உறை இல்லாட்டி நானும் இல்லை. இதில கதைக்க ஒண்டுமில்லை."

அவன் முணுமுணுத்துக்கொண்டு என்றாலும் அவள் சொன்னபடி நடந்தான்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை லொறியை விட்டு இறங்கியவன் வீட்டுக்குள் வராமல் வேலியோரம் நின்றான். விமலேஸ்வரி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கிட்ட வராத," என்றான். "திரும்பவும் எரியுது. போன கிழமை வழியில... உறை கொண்டுபோகேல்லை. நாளைக்கு வவுனியாவுக்குப் போறன்."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கையிலிருந்த சுளகை அவன் முகத்தில் எறியலாம் போலிருந்தது. பத்து மாதமாகச் சொன்னதெல்லாம் எருமை மாட்டில் மழை பெய்தது போலத்தானா என்று நினைத்தாள். ஆனால் அவளுக்கு எரிவதற்கு முன்னால், அவள் துருவித் துருவிக் கேட்பதற்கு முன்னால், அவனாக வாய் திறந்து சொன்னது இதுதான் முதல் தரம். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் உள்ளதைச் சொன்னனான்தானே," என்றான்.

"அதுக்கு உங்களுக்கு மாலை போடவோ?"

காலை பஸ்ஸில் தனியாகப் போய்ப் பின்னேரம் ஆஸ்பத்திரித் துண்டோடு திரும்பி வந்தான். அவள் அதை இரண்டு பக்கமும் வாசித்தாள். திரும்பச் சோதிக்கும் திகதி எழுதியிருந்தது. ஊசி எங்கே போட்டது என்று அவள் கேட்கவில்லை. அவன் உட்கார்ந்த விதமே சொன்னது. டொக்டர் வேறென்ன சொன்னார் என்று கேட்டாள். அந்தப் பெண்ணிடமும் சொல்லி மருந்தெடுக்கச் சொன்னாராம். சொல்வீர்களா என்று கேட்டதற்கு, அவளிடம் போய் இதையெல்லாம் என்னென்று சொல்கிறது, வெட்கம் என்றான்.

விமலேஸ்வரி துண்டை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள்.

"அவளுக்கும் ஒரு வயிறு இருக்குது," என்றாள். "சொல்லத்தான் வேணும்."

அடுத்த வெள்ளி கேட்டாள், சொல்லவில்லை என்றான். அதற்கடுத்த வெள்ளியும் கேட்டாள், மறந்துபோனேன் என்றான். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் கேட்பதற்கு வாயெடுக்க முன்னமே, சொல்லிவிட்டேன், ஆளை விடு என்று கத்தினான். அவள் ஓம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சோற்றை இறக்கினாள். அந்த வருடம் அவளுக்கு ஐந்தாவது ஊசி தேவைப்படவில்லை.